மூணாவது கதையில என் பூப்போட்ட உறை

ஜூன் 8, ஞாயிறு

என் தங்கச்சி கிங்கோட மகளுக்கு இன்னைக்கு நிச்சயம். மத்தியானம் ஓட்டலில் வட்ட மேசை. மாப்பிள்ளை வீட்டார் பேசாமல் வாத்துக்கறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே விட்டால் சாவு வீடு மாதிரி ஆகிவிடும் என்று நான்தான் ஆரம்பித்தேன். "எங்க கிங்குக்கு மாப்பிள்ளை ரெண்டு பேரு. ஒருத்தர் கல்யாணத்தன்னைக்கே மக்காவ் கப்பல்ல ஏறி ஓடிட்டாரு. இன்னொருத்தருக்கு ஓடத் தெரியல, இதோ உக்காந்திருக்காரு."

மேசையே குலுங்கியது. அவள் வீட்டுக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. கிங்கும் சிரித்தாள். எனக்கு டீ ஊற்றிக்கொடுத்தாள். நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் என்ன ஆகும்?

ஜூன் 11

சுன்-யி என்று ஒரு பெண் கேமராவோடு நாங்கள் தொழில் பண்ணும் மேம்பாலத்தடிக்கு வந்தாள். அஞ்சு பேர் சேர்ந்து ஒரே படம் எடுக்கிறார்களாம். ஹாங்காங்கிலேயே நடக்கிற அஞ்சு சின்னக் கதைகள். டிராம் ஓட்டுகிறவர் ஒன்று, லிஃப்டில் மாட்டிக்கொண்ட புருசன் பெண்டாட்டி ஒன்று, இன்னும் என்னவோ. மூணாவது நாங்கள். நானும் பக்கத்து முக்காலி யுக்-ஹோவும்.

"உங்க வேலை என்னன்னு சொல்லுங்க அக்கா" என்றாள்.

"யாராச்சும் உன்னை வதைக்கிறாங்களா? பேரைத் தாள்ல எழுதிக் குடு. அவங்க போட்டுக் கழட்டின துணி இருந்தா இன்னும் நல்லது. செங்கல்மேல வெச்சு செருப்பால அடிப்பேன். அப்புறம் காகிதப் புலி வாயில பன்றிக் கொழுப்பைத் தடவி, எல்லாத்தையும் சேத்துக் கொளுத்திடுவேன். அவங்க கொட்டம் அடங்கிரும்."

"பலிக்குமா?"

"நான் அடிச்சா பாதி பலிக்கும். யுக்-ஹோ அடிச்சா தப்பவே தப்பாது. நான் விளம்பரம், அவ மருந்து."

"சும்மா கெடடி சிம்" என்றாள் யுக்-ஹோ. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

ஜூன் 15

கை உறையில் ஒன்றைக் காணோம். தொழில் பண்ணும்போது சட்டைக் கையில் கரி படாமல் முழங்கை வரைக்கும் ஏற்றி மாட்டுவேனே, பச்சையில் ரோசாப்பூ போட்டது. அதில் வலது கைக்கு உரியது. கிங் வீட்டு ஜன்னல் கம்பியில்தான் என் துணி காயும், என் வீட்டில் வெயில் விழாது. "உன் புருசன் எடுத்துத் தலையில மாட்டிக்கிட்டானா, வழுக்கைக்கு?" என்றேன். காற்றில் போயிருக்கும் என்றாள்.

ஜூன் 18, புதன்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். தொழிலுக்குப் போகவில்லை.

ஜூன் 19

வாய் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கிவிட்டது. கிங் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தாள். மீனை முள் எடுத்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். "பேசாதக்கா, வலிக்கும்" என்றாள். பேசாமல் நான் இருந்த நாள் எது?

ஆகஸ்ட் 2

சுன்-யி இன்றோடு படம் பிடித்து முடித்துவிட்டாள். ஏதோ தாளில் கையெழுத்துக் கேட்டாள். ரெண்டாம் வகுப்போடு நின்றவளுக்கு மூன்று பக்கத் தாளா? "என் சிறுநீரகத்த எடுக்கிறதா எழுதியிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போட்டேன். யுக்-ஹோவையும் சேர்த்து மூன்று பேரும் பால் டீ குடித்தோம். நல்ல பெண். நான் என்ன சொன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ஜனவரி 23

நாளைக்குப் படம் போடுகிறார்கள். மத்தியானக் காட்சி. சுன்-யி நுழைவுச்சீட்டு நாலு கொடுத்தாள். யுக்-ஹோ வரவில்லையாம், முட்டி வலி. கிங்கும் அவள் வீட்டுக்காரரும் வருகிறார்கள். நாலாவது சீட்டை என் கைப்பைக்குக் கொடுப்பேன், அதுவும் இத்தனை வருசம் என்னோடு உழைக்கிறது. புதுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 24, சனி

என்ன எழுத.

டிராம் கதை நன்றாக இருந்தது. லிஃப்ட் கதைக்குத் தூங்கினேன். மூணாவதில் நான் வந்தேன், அவ்வளவு பெரிய திரையில் என் மூக்கு. கொட்டகையே சிரித்தது. என் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றுக்கும் சிரித்தது. நான் கிங்கை இடித்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே தெரிந்திருக்கணும்.

அப்புறம் என் முக்காலி காலியாக இருந்தது. யுக்-ஹோ மட்டும். எதிரே ஒரு பொம்பளை, முகத்தைக் காட்டவில்லை, கை மட்டும். தாளை நீட்டினாள். தாளில் பேர் இருந்த இடத்தைக் கலங்கலாக மறைத்திருந்தார்கள். கூடவே ஒரு துணி. பச்சையில் ரோசாப்பூ.

மணிக்கட்டில் எங்கம்மாவோட பச்சைக்கல் வளையல். ஒருதரம் உடைஞ்சு தங்கம் வெச்சு ஒட்டினது. ஒட்ட வெச்சதே நான்தான்.

யுக்-ஹோ எப்பவும் கேக்கிற மாதிரியே கேட்டா. "எங்க அடிக்கணும்? தலையா, கையா, காலா?"

"வாயில. வாயில மட்டும்."

என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா?

யுக்-ஹோ ஓங்கி ஓங்கி அடிச்சா. என் உறை செங்கல்மேல துள்ளுது. சனங்க சிரிக்குது. நானும் — ஐயோ, நானும் ரெண்டு நொடி சிரிச்சேன், மத்தவங்களோட சேந்து. அப்புறம்தான் உறைச்சுது. நான் பல் புடுங்கின அன்னைக்குத்தான் இது. மறுநாள் மீன் முள்ளெடுத்து ஊட்டினாளே, அதே கை.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்து ரெண்டு சீட்டும் காலி.

ஜனவரி 25

யுக்-ஹோகிட்டப் போனேன். முட்டி வலியாம், குந்தித்தான் உக்காந்திருந்தா.

"வந்தவங்களைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு மொத நாளு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு? நீதான். பேரை வெளிய சொல்லாதேன்னதும் நீதான்" என்றா.

"அந்தப் பேரு என்னுதுடி! என் பேரை என்கிட்ட சொல்றது வெளிய சொல்றதா?"

அவ காகிதப் புலிகளை அடுக்க ஆரம்பிச்சா.

"சரி. மெதுவாவாச்சும் அடிச்சிருக்கலாம்ல?"

செருப்பைப் பார்த்தே சொன்னா. "கேமரா இருந்துச்சு சிம். அதனால கொஞ்சம் ஓங்கியே அடிச்சிட்டேன்."

பதினேழு வருசம். அவ மூத்திரம் போகணும்னா அவ முக்காலிய நான் பாத்துக்கிட்டேன், நான் போகணும்னா அவ.

என் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கோடித் தூணடியில் போட்டேன்.

ஜனவரி 27

சுன்-யி போனில். "பேரை மறைச்சிட்டேனே அக்கா. சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு. அஞ்சு கதையிலயும் அந்த இடத்துக்குத்தான் சனங்க அதிகமா சிரிக்கிறாங்க."

மறைக்கத் தெரிந்தவள் படித்துத்தானே மறைத்திருப்பாள்? படித்துவிட்டுத்தானே ஆகஸ்டில் என்னோடு பால் டீ குடித்தாள்?

பிப்ரவரி 18, புத்தாண்டு ரெண்டாம் நாள்

கட்டிக்கொடுத்த பெண் தாய் வீட்டுக்கு வருகிற நாள். அம்மா போன பிறகு கிங்குக்கு என் வீடுதான் தாய் வீடு. வந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்றே பேசினாள்.

"சம்பந்தி வீட்டாளுங்க இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்கக்கா. மக்காவ் கப்பல்னு எனக்குப் பேரே வெச்சிட்டாங்க. முப்பது வருசமா சொல்ற. எல்லா விசேசத்துலயும். நிறுத்துன்னு உன்கிட்ட எத்தனை தரம் கேட்டேன்?"

கேட்டாளா? கேட்டிருப்பாள். நான் அதையும் சொல்லிக் காட்டிச் சிரித்திருப்பேன்.

இருந்தாலும். இருந்தாலும் என்னிடம் சண்டை போட்டிருக்கலாமே. என் தலைமுடியைப் பிடித்து ஆட்டியிருக்கலாம். என் துணியைத் திருடிக்கொண்டுபோய், என் சிநேகிதி கையில் கொடுத்து, நான் இல்லாத நாளாகப் பார்த்து—

ஆரஞ்சுப் பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 5, வியாழன்

பூச்சிகள் கண் விழிக்கும் நாள், கெட்டவர்களை அடித்து விரட்ட உகந்தது. வருசத்திலேயே எங்களுக்குக் கூட்டம் அதிகம். வரிசை டிராம் பாதை வரைக்கும் நின்றது. பாதிப் பேர் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள். "அந்தச் சிரிப்புக்கார அக்கா நீங்கதானே? ஏதாச்சும் சொல்லுங்களேன்" என்று போனை நீட்டினார்கள். பேர், பிறந்த வருசம், எங்கே அடிக்கணும் என்று மட்டும் கேட்டேன். அடித்தேன். அடுத்த ஆள்.

மத்தியானம் கிங் வந்தாள். வரிசையில் நின்றே வந்தாள், ஒரு மணி நேரம் இருக்கும். முறை வந்ததும் தாள் எதுவும் நீட்டவில்லை. கஞ்சித் தூக்கைச் செங்கல்மேல் வைத்தாள். புதிதாக முடி சுருட்டியிருந்தாள், பொரித்த நூடுல்ஸ் மாதிரி. பழைய நாளாக இருந்தால் அதை வைத்தே சாயங்காலம் வரை ஓட்டியிருப்பேன்.

"ஏதாச்சும் சொல்லுக்கா. திட்டவாச்சும் செய்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் முனக ஆரம்பித்ததும் போனாள்.

கோடித் தூணிலிருந்து பார்த்தேன், யுக்-ஹோ செருப்பை ஓங்கியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவ அடிச்சா தப்பவே தப்பாதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சது நான்தான்.