விதைக்கு விட்ட சல்வீனியா

தம்பலகாமம்
13.8.1961

அன்புள்ள வாப்பாவுக்கு, மகன் இஸ்மாலெவ்வை ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா?

இங்கே இன்னும் குளத்தில் சல்வீனியா அள்ளும் வேலைதான். அந்தப் பாழாய்ப்போன செடி பாய் விரித்ததுபோல் தண்ணீரை மூடிக் கிடக்கிறது. அதை விலக்கினால் அடியில் கறுத்த தண்ணீரும் செத்த மீனும்தான். சோறு பிசையும்போதும் கையில் அதே நாற்றம். அட்டைக்கடியைப் பற்றி எழுதவில்லை, உம்மா அழுவா.

நாற்றத்தைக்கூடப் பொறுக்கலாம் வாப்பா. நேற்று ஒரு மூலையில் நம் முற்றமளவுதான் மிச்சம் இருந்தது. முடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம் என்று ஆசையாக இறங்கினேன். கங்காணி வீரக்குட்டி மறித்தார்.

"அதைத் தொடாத தம்பி. முழுக்க அள்ளினா வாற வருசம் நமக்கு வேலை ஏது? விதைக்குக் கிடக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் நெல்லுக்குச் சொல்லும் சொல்லை இந்தச் சனியனுக்குச் சொன்னார். கீழே வயற்காரர் இந்தத் தண்ணீரைத்தானே நம்பியிருக்கிறார்கள்.

இன்று ஞாயிறு. எல்லாரும் திருகோணமலைக்குப் படம் பார்க்கப் போனபின் நான் தனியே இறங்கி, அந்த மூலையையும் அள்ளி வெயிலில் காயப் போட்டுவிட்டேன். நாளைக்கு ஏசித் துரத்துவார்கள். வெள்ளி ஜும்ஆவுக்கு முன் வந்துவிடுவேன்.

உம்மாவைக் கிணற்றடியில் ஒரு பானை தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். நான் இடுப்பில் உடுத்திருக்கும் சாரத்தில் ஓர் இலை ஒட்டியிருந்தாலும் போதும், நம் குளமும் நாறிவிடும். சாரத்தை அவித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவேன்.

பஸ் சத்தம் கேட்கிறது. அவர்கள் வந்துவிட்டார்கள்.

இஸ்மாலெவ்வை