மூன்றாவது கீ

மார்ச் 2, ஞாயிறு

தம்பிக்குப் பதவி உயர்வு, அதற்கு விருந்து. தம்பி என்றால் என்னைவிட ஆறே நிமிடம் இளையவன். மைக் கைக்கு வந்ததும் வழக்கமான கதையை ஆரம்பித்துவிட்டான். "எங்க ரெண்டு பேருக்கும் வெளியூர்க் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைச்சுது. வீட்ல ஒருத்தரத்தான் அனுப்ப முடியும். கேம் ஆடி முடிவு பண்ணிக்கிட்டோம். மூணு ஆட்டம், மூணுலயும் நான்தான்! இவளுக்குக் கை கொஞ்சம் மந்தம்." எல்லோரும் சிரித்தார்கள். அப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "நான் ஓரவஞ்சனையே பண்ணலைங்க, அவங்களே பேசி முடிச்சுக்கிட்டாங்க" என்றார். பெருமை வேறு. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

கை மந்தமாம்! இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கை இது. மயிரிழை பிசகினால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும். ஒரு லென்ஸ்கூடத் திரும்பி வந்ததில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நாலு வந்திருக்கிறது. நாலே நாலு.

இரண்டு பேர் ஒரே கீபோர்டில் ஆளுக்கொரு பீரங்கி டாங்கியை ஓட்டி ஒருவரையொருவர் சுடுகிற கம்ப்யூட்டர் கேம் அது. அன்றைக்கு என் சுடுகிற கீ வேலை செய்யவில்லை. அப்போதே கத்தினேன். "தோத்தா சாக்கு சொல்லாத" என்றார் அப்பா. அதோடு முடிந்தது என் படிப்பு.

மார்ச் 4

அந்த டாங்கி கேமைத் தேடி எடுத்து ஆடிப் பார்க்கப் போகிறேன். பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

மார்ச் 8

கேம் இருக்கிற பிளாப்பி கிடைத்துவிட்டது. என் மார்க் ஷீட் இருக்கிற பையிலேயே இருந்திருக்கிறது. அதைப் படிக்க ஒரு டிரைவ் வாங்கி லேப்டாப்பில் சொருகினேன். கர் கர் என்று கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, "ஃபார்மட் செய்யவா?" என்கிறது. அதாவது, இருப்பதையெல்லாம் அழித்துவிடட்டுமா என்று கேட்கிறது. ஏழு தடவை. முப்பது வருஷமா பத்திரமா வச்சிருக்கேன், அழிக்கட்டுமான்னு கேக்க நீ யாரு?

இணையத்தில் தேடினால் 'டவுன்லோட்' என்று ஒன்பது பொத்தான்கள், எட்டு சூதாட்ட விளம்பரம், ஒன்று வைரஸ். அதே கேமைப் புதுப் படங்கள் போட்டு ஒரு கம்பெனி விற்கிறது. ஆசையாகத் திறந்தேன். இரண்டு பேர் ஒரே கீபோர்டில் ஆடுவதை எடுத்துவிட்டார்களாம்! அது இல்லாமல் அந்த கேமில் என்ன இருக்கிறது? எழுதிக் கேட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில். மெஷின் போட்ட பதில்.

மார்ச் 13

பழைய கேம் ஆடுகிறவர்கள் கூடும் ஒரு தளம் இருக்கிறது. அங்கே 'ஓட்டை டின்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர், பிளாப்பியை நகலெடுக்க வேறு வழி சொன்னார். பதினோராவது முயற்சியில் வந்தது. திறந்தால், "இந்தப் புரோகிராம் உங்கள் கணினியில் இயங்காது." ஏன் இயங்காது? நான் மட்டும் இந்த வயதிலும் இயங்கவில்லையா?

பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற புரோகிராம் ஒன்று உண்டாம், அதற்குள் வைத்து ஓட்ட வேண்டுமாம். ஓட்டினேன். விரலை வைப்பதற்குள் டாங்கி சுவரில் போய் முட்டி வெடிக்கிறது. புது மெஷினுக்கு அவ்வளவு அவசரம்.

மார்ச் 16

வேகத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் சரியாக ஓடுகிறது. அதே மைதானம், அதே கொர கொர சத்தம்.

என் டாங்கி சுடுகிறது. ஒவ்வொரு தடவையும் சுடுகிறது. கீ நன்றாகத்தான் வேலை செய்கிறது.

அப்படியானால் இத்தனை வருடமும் நான் சொன்னது சாக்குதானா?

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 19

நடந்ததையெல்லாம் தளத்தில் எழுதியிருந்தேன். ஓட்டை டின் பதில் போட்டிருக்கிறார்: "அன்னைக்கு ஆடின கீபோர்டு இருக்கா? அதுலயே ஆடிப் பாருங்க. அந்தக் காலத்துக் கீபோர்டு சிலதுல, ரெண்டு கீயப் பிடிச்சுக்கிட்டிருந்தா மூணாவது கீ கம்ப்யூட்டருக்குப் போகவே போகாது."

மூன்று தடவை படித்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

கீபோர்டு அலமாரி உச்சியில் இருந்தது. ஆபீஸில் கொடுத்த பழைய கம்ப்யூட்டரோடு வந்தது; அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார். கட்டை விரல் தடிமனில் பிளக். அதை லேப்டாப்பில் சொருக ஒரு அடாப்டர், அந்த அடாப்டருக்கு இன்னொரு அடாப்டர்.

இடப்பக்கம் அவன் கீகள், வலப்பக்கம் என்னுடையவை. இடது கையால் அவனுடைய முன்னே போகிற கீயையும் திரும்புகிற கீயையும் சேர்த்துப் பிடித்தேன். அவன் எப்போதும் அப்படித்தான் வட்டமடித்துக்கொண்டே இருப்பான். வலது கையால் என் சுடுகிற கீயைத் தட்டினேன். ஒன்றுமில்லை. அவன் கீகளை விட்டேன், சுட்டது. மறுபடி பிடித்தேன், சுடவில்லை. ஐம்பது தடவை பார்த்தேன். ஐம்பது தடவையும்!

நான் சாக்கு சொல்லல. நான் சாக்கே சொல்லல.

தம்பிக்கு போன் போட்டேன். "எனக்குத் தெரியாதுடி, சத்தியமா" என்றான். நம்புகிறேன். ஜெயிக்கிறவன் எதற்குக் கீபோர்டைச் சந்தேகப்படுகிறான்?

"அப்பா முன்னாடி வந்து சொல்லு."

"சின்ன வயசுல நடந்தத இப்பப் போயி..."

"மைக்ல பேசினியே, அப்ப உனக்கு என்ன வயசு?"

வருகிறேன் என்றான்.

மார்ச் 30, ஞாயிறு

எப்படி எழுதுவது?

அப்பாவை நடுவில் உட்கார வைத்தோம். இந்தத் தடவை இடப்பக்கக் கீகள் எனக்கு, வலப்பக்கம் தம்பிக்கு. இரண்டு கீயைப் பிடித்துக்கொண்டு நான் வட்டமடித்தேன். அவன் தட்டினான், தட்டினான், கீபோர்டைத் தூக்கிப் பார்த்தான். மூன்று ஆட்டம், மூன்றிலும் நான். "சரிதான்பா, இவ சொன்னது நெஜம்" என்றான். அவன் முகம் சிவந்துவிட்டது.

அப்பா டீயை முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "இதுக்கா இவ்வளவு பாடு? அவ ஜெயிச்சிருந்தாலும் உன்னத்தான்டா அனுப்பியிருப்பேன். பொட்டப் புள்ளய அவ்வளவு தூரம் தனியா யாரு அனுப்புவா? ஆடுறோம்னு சொன்னீங்க, ஆடுங்கன்னேன்." எழுந்து படுக்கப் போய்விட்டார்.

சாதாரணமாகச் சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்பதுபோல.

கீபோர்டு அன்றைக்கு வேலை செய்திருந்தாலும் இதே கடை, இதே லென்ஸ். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் ஜெயிச்சது?" என்றான். அவனுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மனசும் இல்லை.

ஏப்ரல் 1

வேலையில் இரண்டு லென்ஸ் கெட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வந்தான், கையில் ஒரு புது கீபோர்டு. பழையதும் புதியதுமாக ஆளுக்கொன்று தனித்தனியாக மாட்டினோம். பதினோரு ஆட்டம். ஏழு நான், நாலு அவன். ஜெயித்தது சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

ஏழாவது தடவை தோற்றதும் கையை எடுத்துவிட்டான். "நீயும் போயிருக்கணும்டி" என்றான்.

"என்கிட்ட ஏன் சொல்ற? எனக்குத் தெரியாதா?"

எழுந்து அப்பாவின் அறை வாசலுக்குப் போனான். "அவளயும் அனுப்பியிருக்கணும்பா. ஏன் அனுப்பல?" அப்பாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டான். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "டீ போடச் சொல்லு" என்றார்.

நான் போடவில்லை. தம்பியும் நகரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல பதில் சொல்லுங்கப்பா" என்று நிற்கிறான். இதை எழுதும்போதும் நிற்கிறான்.