வெள்ளச்சியின் முன் சீட்டு

ஆகஸ்ட் 9, சனி

மகன் ஒஸ்மார் சாந்தா குரூஸிலிருந்து போனில் பேசினான். சாப்பிட்டீங்களா, குளிருதா என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"அப்பா, அம்மாவோட கார ஒருத்தர் விலைக்குக் கேக்குறார். சும்மா நின்னு துருப்பிடிக்கிறதுக்குக் குடுத்துரலாமே."

தையல் மெஷினில் பாவாடை மடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. காலை நிறுத்தவில்லை. "அது உங்க அம்மாவோடது" என்றேன்.

"அம்மா இல்லையேப்பா."

உண்மையைத்தான் சொன்னான். அதைச் சொல்ல அவ்வளவு தூரத்திலிருந்து போன் போட வேண்டுமா? அவனே இறங்கி வந்தான். "சரி, கல்லறைத் திருநாளுக்கு நானும் வர்றேன். வில்லா பாத்திமாவுலேர்ந்து மலைப்பாதையில கொரோய்க்கோவுல அம்மா கல்லறை வரைக்கும் நீங்களே ஓட்டிட்டுப் போங்க. முடிஞ்சா கார் உங்களுக்கு. முடியலைன்னா வித்துருவோம். சம்மதமா?"

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 10

அவள் காரின் மேல், வெள்ளச்சியின் மேல், தூசி அப்பிக் கிடக்கிறது. கண்ணாடியில் விரலால் என் மனைவி பெயரை எழுதினேன், பசிலியா என்று. பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். துடைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செனோவியா வந்தாள், பசிலியாவின் தங்கை. அக்கா தங்கை இருவரும் அந்த மலைப்பாதையில் ஆள் ஏற்றி இறக்கியே குடும்பம் காத்தவர்கள். ஓட்டக் கற்றுக்கொடு என்று கேட்டேன். சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"அத்தான், பக்கத்து சீட்டுல உக்காந்தே தேஞ்ச மனுஷன் நீங்க. சரி, இந்தப் பக்கம் வாங்க."

பசிலியாவின் இடத்தில் முதல்முறையாக உட்கார்ந்தேன். சீட் இன்னும் அவள் உயரத்துக்கே இருந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பின்னால் தள்ள மனசு வரவில்லை. செனோவியாதான் நெம்புகோலைப் பிடித்துத் தள்ளினாள்.

ஜப்பானில் வலப்பக்க ஸ்டியரிங்கோடு பிறந்த வண்டி. கடல் தாண்டி வந்ததும் ஒருரோவில் யாரோ ஒரு பட்டறைக்காரன் ஸ்டியரிங்கைப் பெயர்த்து இடப்பக்கம் வைத்தான். வேகம் காட்டும் முள்ளை மாற்றச் சோம்பல் போலிருக்கிறது, அது வலப்பக்கமே நின்றுவிட்டது. பசிலியா ஓட்டுவாள், நான் முள்ளைப் படித்துச் சொல்வேன். "நாப்பது. நாப்பத்தஞ்சு. ஏய், அம்பது." அதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு. மற்ற நாளில் அந்த சீட்டில் அவள் ஆளே ஏற்றமாட்டாள். மலையுச்சியில், லா கும்ப்ரேயில் திரியும் நாய்களுக்கான ரொட்டிப் பை உட்காரும். "நாய் ரொட்டிக்கு ஒரு சீட்டா" என்று டிரைவர் சங்கத்து ஆட்கள் கிண்டலடிப்பார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

இப்போது நான் ஓட்டினால் முள்ளை யார் படிப்பது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எல் ஆல்ட்டோவுக்கு அப்பால் வெட்டவெளி. காற்று காதை அறுக்கிறது.

"அத்தான், உங்க மெஷின்ல மிதிச்சா ஓடும், விட்டா நிக்கும். இங்க கதை வேற. இதுல மிதிச்சா போகும். இதுல மிதிச்சா நிக்கும். மாத்தி மிதிச்சீங்கன்னா ரெண்டு பேரும் நேரா அக்காகிட்டதான்."

மாற்றித்தான் மிதித்தேன். நல்லவேளை, எதிரே ஒரு மண்மேடுதான் இருந்தது.

அப்புறம் சரளைக்கல்லில் ஓங்கி பிரேக் போடச் சொன்னாள். போட்டேன். சக்கரம் பூட்டிக்கொண்டது. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், திருப்புகிறேன், வண்டி நேரே சறுக்கிக்கொண்டு போகிறது.

"பாத்தீங்களா? சக்கரம் உருண்டாத்தான் ஸ்டியரிங் கேக்கும். வளைவுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சிருங்க. வளைவுக்குள்ள போனப்புறம் கைக்கு மட்டும்தான் வேலை."

மூடின கத்தரி வெட்டாது என்று தையல் பழக வந்த எத்தனை பையன்களை நானே திட்டியிருக்கிறேன். இது எனக்குப் புரிந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

வெட்டவெளி ஓரத்தில் வளைந்து இறங்கும் ஒரு மண்பாதை. செனோவியா பக்கத்தில். கொஞ்சம் வேகமாக வந்துவிட்டேன். பிரேக் போட வேண்டும் என்று நினைத்துக் காலைப் பெடல் மேல் கொண்டுபோய் வைத்ததுதான் — அது தானாக இறங்கியது. நான் அழுத்தவில்லை. வேறு யாரோ அதைக் கீழே இழுத்ததுபோல் மெதுவாக இறங்கியது. வண்டி வேகம் தணிந்து வளைவுக்குள் ஒழுங்காகப் போயிற்று.

"நல்லா பிடிச்சீங்க அத்தான்" என்றாள்.

நான் பிடிக்கவில்லையே.

செப்டம்பர் 8

பசிலியாவா?

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் இரண்டு முறை. நான் பயந்துபோகும் இடத்தில்தான் இறங்குகிறது. செனோவியாவிடம் சொல்லவில்லை. கிழத்துக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒஸ்மாருக்கு போன் போட்டுவிடுவாள்.

வீட்டுக்கு வந்து பசிலியாவின் சால்வையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசம் போய்விட்டது. வெறும் அலமாரி வாசம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

செனோவியா பசிக்குது என்று ரோட்டோரக் கடைக்குப் போனாள். "இந்த வெட்டவெளிய விட்டுத் தாண்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தனியாக இருந்தால் பசிலியா வருவாள் என்று நினைத்தேன். அந்த மண்பாதைக்குப் போனேன். காலைப் பெடல் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இறங்கவில்லை. திரும்பி வந்து மறுபடி போனேன். "பசிலியா, மிதி" என்று வாய்விட்டே சொன்னேன். "மிதிடி. ஒரு தடவ."

ஒன்றுமில்லை. பிரேக்கை நானே போட்டேன். என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்த அன்றுகூட இப்படி அழவில்லை. சாக நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவள். என்னைவிட்டுப் போக மட்டும் எங்கிருந்து நேரம் கிடைத்தது அவளுக்கு?

செனோவியா கறி வறுவலோடு வந்தாள். கண் சிவந்திருப்பதைப் பார்த்து, "காத்துல தூசி" என்று அவளே சொல்லிவிட்டாள். நல்ல பெண்.

செப்டம்பர் 25, வியாழன்

மலை இறங்கும் முன் பிரேக்கைப் பார்த்துவிட வேண்டும் என்று ருபேர்த்தோவின் மெக்கானிக் ஷெட்டுக்குச் செனோவியா கொண்டுபோய் விட்டாள். பசிலியா எப்போதும் அவரிடம்தான் போவாள். பெடல் தானாக இறங்குகிறது என்று மட்டும் சொன்னேன்.

"யாராவது பக்கத்துல உக்காந்திருந்தாங்களா மாஸ்டர்?"

"செனோவியா இருந்தா."

"தனியா ஓட்டும்போது?"

"இறங்கல."

அவர் சிரிக்கவில்லை. வலப்பக்கக் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு இரும்புத் தண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை ஓடியது.

"ஸ்டியரிங்கையும் பெடலையும்தான் இடம் மாத்துனாங்க. பிரேக்க அழுத்துற உறுப்பு இன்னும் வலப்பக்கமேதான் இருக்கு. ஓட்டுறவங்க அங்க மிதிச்சா இந்தத் தண்டு திரும்பி இங்க வந்து அழுத்தும். அப்ப இங்க உக்காந்திருக்கவன் தண்டு மேல மிதிச்சா?"

"பிரேக் பிடிக்கும்."

"அங்க பெடலும் இறங்கும். ஒழுங்கான வேலைக்காரன் மேல ஒரு தகடு வெச்சு மூடியிருப்பான். இவன் கம்பளத்தப் போட்டு மறைச்சிட்டான்."

அப்படியானால் அது செனோவியாவின் கால். அவ்வளவுதான். அவ்வளவேதான்.

ஆனால் கம்பளத்தில் ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. அதற்கு நேர்கீழே தண்டு பளபளவென்று இருந்தது. அது செனோவியா நாலைந்து ஞாயிற்றுக்கிழமையில் தேய்த்தது இல்லை. என் வலது கால்.

"அப்ப நான் இத்தன வருஷமா..."

"பிரேக் போட்டுட்டுத்தான் இருந்தீங்க மாஸ்டர். பிரேக் கட்டை சீக்கிரம் தேயுதேன்னு அக்காவே கொண்டுவந்து காட்டினாங்க. வாங்குன புதுசுல."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? தகடு அடிச்சுத் தரேன்னேன். வேணாம்னுட்டாங்க. 'அவரு மிதிச்சா என் காலுக்குக் கீழ பெடல் இறங்குது ருபேர்த்தோ. எங்க பயப்படறாருன்னு தெரியுது, அங்க மெதுவாப் போறேன். தகடு வெச்சா பாவம், வெறும் தரையத்தான மிதிப்பாரு'ன்னாங்க. வேற ஒருத்தரையும் அந்த சீட்டுல ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ண வெச்சுத்தான் விட்டேன்."

ஒவ்வொரு ஞாயிறும் சொல்வாள்: "யோவ் தையல்காரா, காலை எடுய்யா. அங்க பிரேக் இல்ல." அதைக் கேட்டுக் கேட்டு நானே என்னைக் கோழை என்று நினைத்திருந்தேன். பொய்க்காரி. முழுப் பொய்க்காரி. இப்போது எதிரே வந்து நின்றால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டுவேன். வந்து நிற்கட்டுமே.

தகட்டுக்கு அளவெடுக்கவா என்றார் ருபேர்த்தோ. அப்புறம் சொல்கிறேன் என்றேன். "அதுவரைக்கும் யாரையும் முன்னால ஏத்தாதீங்க. மிரண்டு ஓங்கி மிதிச்சா சறுக்கிரும்" என்றார்.

அக்டோபர் 5, ஞாயிறு

தண்டைப் பற்றிச் சொன்னதும் செனோவியா கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பின்சீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே அதட்டுகிறாள்.

இன்று லா கும்ப்ரேயிலிருந்து கொஞ்ச தூரம் இறங்கினோம். "ரெண்டாவது கியரப் போட்டு விடுங்க, என்ஜின் பிடிச்சு வைக்கும். பிரேக்குலயே கால வெச்சுக்கிட்டு இறங்குனா சூடேறிப்போய் பிரேக் எண்ணெய் கொதிச்சிரும். அப்புறம் மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது." பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு உருளுகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. "என்ஜின் செத்தா ஸ்டியரிங் கல்லாயிரும், பிரேக்கும் கல்லாயிரும். அந்தப் பள்ளத்துல கெடக்குற சிலுவைல பாதி அப்படி மிச்சம் பிடிச்சவங்களோடதுதான்."

அக்டோபர் 22

லைசென்ஸ் கிடைத்தது. போட்டோவில் திருடன்போல் இருக்கிறேன். காட்டுவதற்கு ஆளில்லை.

நவம்பர் 1, சனி. கொரோய்க்கோ

செத்தவர்களின் ஆன்மாக்கள் மதியம் பன்னிரண்டுக்கு வந்து இறங்கும். அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்பினோம். ஒஸ்மாரைப் பின்னால் உட்காரச் சொன்னேன். கேட்டால்தானே. ரொட்டிப் பையை மடியில் வாங்கிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டான். "வேகம் காட்டுற முள்ளு இங்கதான இருக்கு, நான் படிச்சுச் சொல்றேன்." பின்னால் செனோவியா, மடியில் கல்லறையில் படைக்கப் பசிலியாவின் முகம் வைத்துச் சுட்ட ரொட்டிப் பொம்மை.

"கால மட்டும் அழுத்தாம சும்மா வெச்சிக்கோ" என்றேன். "நான் என்ன சின்னப் புள்ளையா" என்றான். இருந்தாலும் பயம். வழக்கத்தைவிட மெதுவாகவே போனேன்.

லா கும்ப்ரேயில் நாலு சக்கரத்துக்கும் பூமித்தாய்க்கும் சாராயம் தெளித்தேன். நாய்கள் பாதையோரம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன. வெள்ளச்சியைப் பார்த்ததும் எழுந்து நின்றன. இத்தனை மாதம் கழித்தும். ஒஸ்மார் ரொட்டி வீசினான்.

பிறகு இறக்கம். ரெண்டாவது கியர். பனி அடைத்துக்கொண்டது. "முப்பது" என்றான். "இருபத்தெட்டு." அருவி பாதையில் சொட்டும் அந்த வளைவு வந்தது. என் வேகம் சரியாகத்தான் இருந்தது. காலைச் சும்மா பெடல் மேல் வைத்திருந்தேன்.

பெடல் இறங்கியது.

மெதுவாகத்தான், ஒரு விரற்கடை. அப்படியே நின்று நடுங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை, பாதையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அம்மா சாவுக்குக் கண்ணீர்விடாதவன், போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன்பா என்று சொல்கிறவன் — எவ்வளவு பயந்திருக்கிறான் என்று என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. அடுத்த வளைவிலும் இறங்கியது. அதற்கடுத்ததிலும். ஒவ்வொன்றுக்கும் முன்பாகவே நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

இப்படித்தானா உனக்கு இருந்தது, பசிலியா? இத்தனை வருஷமும்?

வாயிலிருந்து தானாக வந்தது: "கால எடுடா. அங்க பிரேக் இல்ல."

"பழக்கதோஷம்பா, கால் தானா போகுது" என்றான்.

பின்னால் செனோவியா இருமினாள்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறையில் ரொட்டி, வாழைப்பழம், அவளுக்குப் பிடித்த கோக்கா இலை. மதியம் ஆன்மா திரும்பும் நேரத்தில் அவளை வழியனுப்பினோம். வழியனுப்பவே முடியவில்லை. நாங்கள் கிளம்பும்போது ஒஸ்மார் வெள்ளச்சியின் கதவைத் திறந்துவிட்டு நின்றான்.

"கார் வாங்க வர்றேன்னவர்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன். நல்லா ஓட்டுறீங்கப்பா. எனக்குக் கொஞ்சம்கூட பயமே வரல."

"தெரியும்டா" என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

ருபேர்த்தோ தகட்டை வெட்டித் தயாராகவே வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். அவர் தகட்டை ஓரமாக வைத்தார். பிறகு பசிலியாவிடம் வாங்கிய அதே சத்தியத்தை என்னிடமும் வாங்கிக்கொண்டார். புதுப் பிரேக் கட்டை போட்டாயிற்று. மற்ற நாளில் முன் சீட்டில் இனி ரொட்டிப் பைதான்.

ஒஸ்மார் கிறிஸ்துமஸுக்கு வருகிறான்.