குறை டேப் ரெக்கார்டரில் இல்லை

சின்னக்குட்டிக்கு, அப்பா எழுதுவது.

பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரைப் பிரித்து வைத்திருக்கிறேன் என்றேனே. பெல்ட்டை மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகும், நீ சின்ன வயதில் பாடியது போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாகவே கேட்டது. மறுபடி கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.

நேற்று அம்மா காதைப் பொத்திக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே கத்தினாள். "எதுக்குங்க இவ்வளவு சத்தம்? பாப்பா குரல் கணீர்னு கேக்குதே, இன்னும் என்ன ரிப்பேர்?"

மிஷினில் குறையில்லை என்று அப்போதுதான் புரிந்தது. சத்தத்தைக் குறைத்தேன். சிரித்துச் சமாளித்தேன்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. டாக்டர் சொல்வது கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நீ கூட வா, குட்டி. போன் செய்யாதே. எழுது.

உன் அப்பா