ஐயாவுக்கு எந்தக் கப்பல்?

கருக்கங்குடி,
1972, கார்த்திகை.

பினாங்குத் துறைமுகத்தையும் தன் புருஷனையும் ஒரே முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் என் அக்காள் மகள் பொன்னுத்தாய்க்கு, நீடாமங்கலம் ஜங்ஷனில் நின்று தும்மினால் மன்னார்குடி வரை ஓடு பிரியும் கீர்த்தி படைத்த உன் மாமன் வைரக்கண்ணு எழுதுவது. இங்கே எல்லோரும் சாப்பிட்டு, உயிரோடு இருக்கிறோம். அங்கேயும் மூன்று பேரும் அப்படியே இருக்க வேண்டும்.

அப்பாவை அனுப்ப எந்தக் கப்பல் தோது, என்ன உடுத்த வேண்டும், சாப்பாடு எப்படி, படுக்க அறை உண்டா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்டிருந்தாய். இதற்காகவே நாகப்பட்டினம் போனேன். கடற்கரை டீக்கடையில் உட்கார்ந்து, கப்பலை விட்டு இறங்கியவர்களில் ஒருவரையும் விடவில்லை. என் விசாரணை தாங்காமல் இரண்டு பேர் திரும்பக் கப்பலேறிப் போய்விட்டார்கள். மிச்சத்தை முத்துப்பேட்டை ஜெக்கரியா பாய் சொன்னார். சட்டை, பேண்ட், பூட்ஸ் என்று நீ அனுப்பிய பார்சலைக் கொண்டுவந்து கொடுத்த அதே பாய்தான். இரண்டு கப்பலிலும் போய் வந்தவர்.

பழைய கப்பலைத் துறைமுகத்தில் கிழவி என்கிறார்கள், புதியதை மதினி என்கிறார்கள். கிழவியின் மேல்தளத்தில் உடுப்பு விதி ஒன்றும் கிடையாது. கைலி போதும். பாய் விரித்த இடம் அவனவனுக்குப் பட்டா. சோற்றுக்குத் தகரத் தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். சாம்பாரில் பருப்பைத் தேடி முத்துக்குளிப்பவர்களை இறக்கினார்களாம், அவர்களும் வெறுங்கையோடு ஏறி வந்தார்களாம். மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். கட்டணம் மட்டும் கொள்ளை மலிவு.

மதினியில் இரண்டாம் வகுப்பு என்றால் கதையே வேறு. நான்கு பேருக்கு ஓர் அறை. அடுக்குக் கட்டில். வட்ட ஜன்னல். கடலே அதில் எட்டிப் பார்த்து, தூக்கம் வந்ததாங்க என்று கேட்டுவிட்டுப் போகுமாம். மணி அடித்ததும் மேசைக்குப் போக வேண்டும். ஒரு கோழிக்கு ஆறு கால் வைத்துச் சமைக்கிறார்கள். ஆனால் காலர் வைத்த சட்டையும் காலில் பூட்ஸும் இல்லாதவனை வாசலோடு திருப்பிவிடுவார்களாம். கட்டணம் அதிகம்தான். ஆனாலும் உன் அப்பாவின் முதுகு பார்க்காத கட்டிலைப் பார்க்கட்டும். என் தீர்ப்பு மதினிக்கே.

பூட்ஸ் விஷயத்தைச் சொன்னதும் உன் அப்பா ஐயாவு மச்சான் யோசனையில் ஆழ்ந்துவிட்டார். பூட்ஸ் போடாவிட்டால் அங்கே சோறில்லை, செருப்புப் போட்டு பண்ணையார் தெருவில் நடந்தால் இங்கே சோறில்லை, இந்த ரெண்டு காலை வச்சிக்கிட்டு நான் எந்த ஊரு ஞாயத்துக்கு ஒத்துப்போறதுடா என்று கேட்டார். கப்பலேறும்போது மாட்டிக்கொள்ளலாம், அதுவரை கக்கத்தில் இருக்கட்டும் என்று சமாதானம் சொன்னேன்.

நீ அனுப்பிய பேண்ட்டைப் போட்டுப் பார்க்க அரை நாள் ஆயிற்று. ஒரே காலுக்குள் இரண்டு காலையும் விட்டுவிட்டு, இது பத்தாதுடா என்றார். நான் சிரித்த சிரிப்பில் வாய்க்காலில் நின்ற கொக்கெல்லாம் கோடியக்கரைக்குப் போய்விட்டது. அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க நீடாமங்கலம் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். பேண்ட் பொருந்துகிறதா என்று பார்க்க முழு உருவப் படம் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதையும் எடுத்தோம். இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஜில்லா கலெக்டர் மாதிரி நிற்கிறார், பார். உன் அம்மா கண்மூடிய பிறகு அவர் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். ஸ்டுடியோக்காரருக்கும் படம் பிடித்துப்போய், பெரிதாக்கிக் கடைக் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். கடைத்தெருவே நின்று பார்க்கிறது.

பயணம் தை அறுவடைக்குப் பிறகு. அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மெட்ராஸில் இருக்கிற நம் சர்க்கார், குத்தகைக்காரன் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதியச் சொல்லிச் சட்டம் போட்டிருக்கிறது. பெயர் ஏறிவிட்டால் பண்ணையார் நினைத்தபோது வயலைவிட்டு இறக்க முடியாது. உன் தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுகிற வயலுக்கு மச்சான் மனுக் கொடுத்திருக்கிறார். பெயர் ஏறட்டும், மறுநாளே கப்பல் என்கிறார்.

நீ வர முடியாததைப் பற்றி மனசை வருத்திக்கொள்ளாதே. உனக்கு இன்னும் குடியுரிமைக் காகிதம் வராததால், அங்கிருந்து காலெடுத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அப்ப நான்தானே போகணும் என்று எழுந்து நின்றார், அந்த நிமிஷமே கிளம்புகிறவர் மாதிரி.

கப்பல்களின் தலையெழுத்தை நிர்ணயிக்கும்,
மாமன் வைரக்கண்ணு.

•

கருக்கங்குடி,
மாசி மாதம்.

அன்பு மகள் பொன்னுத்தாய்க்கு உன் மாமன் எழுதுவது. பேத்திக்கு மச்சான் ஒரு முத்தம் அனுப்பச் சொன்னார். தபால் தலைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன், பிரித்துக் கொடு.

விளைச்சல் பரவாயில்லை. அதாவது, களத்தில் கொட்டிய நெல்லைப் பார்த்து திருவண்ணாமலை வெட்கப்பட்டது என்று எழுதத்தான் ஆசை. கை வரவில்லை.

தாசில்தார் விசாரணைக்கு வந்தார். சாவடியில் மேசை போட்டார்கள். மச்சான் எப்போதும்போல இடுப்பு வேட்டியோடு போய் நின்றார். எதிர்ப்பக்கம் பண்ணை ஏஜெண்ட். அக்கம்பக்கத்து வயல்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, இந்த நிலத்தை உழுவது யார் என்று தாசில்தார் கேட்டார். வீரையன் நகத்தைப் பார்த்தான். ரெங்கம்மாள் புருஷன், எனக்குக் கண்ணு சரியா தெரியாதுங்க என்றான். நாளைக்கு அவர்களும் பண்ணைக்கு நடவுக்குப் போக வேண்டுமே. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட்டு எந்தக் கடையில் கொடுத்து உப்பு வாங்குவது?

அப்புறம் ஏஜெண்ட் ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்து, ஸ்டுடியோவில் மாட்டியிருந்த படத்தை மேசைமேல் வைத்தார். இந்த தொரைதாங்க தன் உடம்பால வயல்ல பாடுபடுறவராம், அடுத்த மாசம் கப்பல்ல பினாங்கு போறாரு, வயல்ல எறங்குறவன் போடுற உடுப்பா இது, நீங்களே பாருங்க என்றார். சொந்த உடம்பால் சாகுபடி செய்கிறவனுக்குத்தானே சட்டம்? உழுவது பண்ணையின் ஆள்தான், ஐயாவு வெறும் கூலி என்று அவர்கள் வாதம்.

இது நீதானா என்று தாசில்தார் மச்சானைக் கேட்டார். நான் பின்னாலிருந்து இருமினேன். எப்படிப்பட்ட இருமல்! சாவடிப் புறாக்கள் பறந்தன. மச்சான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் படத்தைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஆமாங்க, நான்தாங்க, என் மவ அனுப்புன சட்டைங்க என்றார். கப்பலில் போகப் போவதும் உண்மையா என்று தாசில்தார் கேட்டார். ஆமாங்க, பேத்தியப் பாக்கத்தாங்க, ரெண்டாம் வகுப்புங்க என்றார்.

தாசில்தார் கெட்டவர் இல்லை. பேனாவை மூடினார். உத்தரவு பிறகு வரும் என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், ஏன்டா இருமுன, சளியா என்று மச்சான் கேட்டார். ஆமாம் என்றேன்.

கப்பல் டிக்கெட்டுக்கு அவசரப்படாதே. மதினி எங்கேயும் ஓடிவிடமாட்டாள்.

இருமலோடு,
மாமன்.

•

கருக்கங்குடி,
வைகாசி மாதம்.

பொன்னுத்தாய்க்கு மாமன் எழுதுவது.

மூன்று கடிதம் போட்டும் பதிலில்லை என்று கோபித்திருக்கிறாய். என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

உத்தரவு பங்குனியிலேயே வந்துவிட்டது. பெயர் ஏறவில்லை. மறுவாரம் பண்ணையார் டிராக்டர் இறக்கி, நம் வரப்பை அழித்து அந்தப் பக்கத்து வயலோடு சேர்த்துவிட்டார். எங்கே நம்முடையது முடிந்தது என்று இப்போது எனக்கே தெரியாது. மச்சானுக்குத் தெரிகிறது. தினமும் காலையில் போய், இல்லாத வரப்பின் மேல் கால் மாற்றிக் கால் வைத்து நடந்துவிட்டு வருகிறார். ஏஜெண்ட் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருக்கிறார்.

ஜெக்கரியா பாய் சொல்லித் தெரிந்துகொண்டு, வயல்தான் போய்விட்டதே, இனி எது பிடித்து வைத்திருக்கிறது, அப்பாவை ஏற்றி அனுப்புங்கள் என்று நீ எழுதியிருந்தாய். நானும் அதைத்தான் சொன்னேன். காலில் விழாத குறை. அன்றைக்கு அவர் என்னிடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன். நான் கப்பலேறுனா அவன் சொன்னது நெசமாயிடும்டா, இவன் வயல்காரன் இல்ல, பினாங்குக்காரன்னு சொன்னானே, நானே போயி சாட்சி சொல்லணுமா என்றார்.  

தஞ்சாவூரில் அப்பீல் போட்டிருக்கிறோம். வாய்தா வாய்தாவாகப் போகிறது. அது முடிகிறவரை இந்த எல்லையைத் தாண்டமாட்டேன் என்கிறார். அங்கிருந்து நீ கிளம்பினால் திரும்ப முடியாது. இங்கிருந்து அவர் கிளம்பினால் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. நடுவில் அந்த இரண்டு கப்பலும் மாதாமாதம் யார் யாரையோ ஏற்றிக்கொண்டு போய்வருகின்றன.

இப்போது அவர் சட்டையே போடுவதில்லை. நாலு நல்லது கெட்டதுக்கும் வெறும் கோவணமும் துண்டும்தான். சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கு அப்படியே வந்து பந்தியில் உட்கார்ந்தார்.  நான் பக்கத்தில் உட்கார்ந்து, இலையையே பார்த்துச் சாப்பிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கேள். பேண்ட்டால்தான் இப்படி ஆயிற்று என்று நீ நினைக்கக் கூடாது. நினைப்பாய் என்று எனக்குத் தெரியும், என் அக்காள் வயிற்றில் பிறந்தவள்தானே. நீ ஒன்றுமே அனுப்பாமல் இருந்திருந்தால் அவர்கள் வேறொன்றைப் பிடித்திருப்பார்கள். அவர் சிரித்த குற்றத்தைப் பிடித்திருப்பார்கள். படத்தில் அவர் நிற்கிற நிற்பைப் பார். உன் அப்பா அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. அதை நீதான் அவருக்குக் கொடுத்தாய். பத்திரமாக வைத்துக்கொள். இங்கே இருந்த படத்தை அவர் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார்.

சட்டையையும் பேண்ட்டையும் பாயிடம் உனக்கே கொடுத்தனுப்பச் சொன்னார், பூட்ஸை மட்டும் திருப்பி அனுப்பவில்லை. வாரம் ஒருமுறை எடுத்துத் தூசு தட்டி வைக்கிறார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு மன்றாட்டு. இனிமேல் எழுதும்போது கப்பலைப் பற்றிக் கேட்காதே அம்மா. அடுத்த மாதம் மேட்டூர் திறந்துவிடுவார்கள். வாய்க்காலில் தண்ணி வந்துவிட்டதா அப்பா, நாற்று விட்டாயா என்று மட்டும் கேட்டு எழுது. நான் படித்துக் காட்டுவேன். ஆமா, விட்டாச்சுன்னு எழுது என்பார். நானும் எழுதுவேன். பயிர் வரப்பளவு நிற்கிறது, பச்சை கண்ணைக் கூசுகிறது என்று என் வழக்கம்போல அள்ளிவிடுவேன். நீ ஒன்றையும் கேள்வி கேட்காமல் நம்பி, நல்ல விளைச்சல் அப்பா என்று பதில் போட வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லா இருங்கள். இந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

உன் மாமன்
வைரக்கண்ணு.