பச்சை அட்டைப் புத்தகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம்

அனுப்புநர்:
திருமதி சு. சீதாலெட்சுமி,
ஸ்டோர் தொழிலாளி; வாசிகசாலை நூல் தெரிவுக் குழு உறுப்பினர்,
கீழ்ப்பிரிவு லயம், மூங்கில்மலைத் தோட்டம்,
வட்டகொடை.

பெறுநர்:
நூல் விநியோகத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அவர்கள்,
நுவரெலியா.

விடயம்: உலக மொழிகள் பற்றிய அறிமுக நூல்களைத் தெரிவுசெய்த கூட்டத்தின் தீர்மானத்தை ரத்துச் செய்யக் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. உலக மொழிகளைப் பற்றி ஆரம்ப வாசகர்களுக்காக எழுதப்பட்ட ஆறு தமிழ் நூல்களைத் தாங்கள் மாதிரிக்காக எங்கள் தோட்ட வாசிகசாலைக்கு அனுப்பியிருந்தீர்கள். இரண்டை நாங்கள் வைத்துக்கொள்ளலாம், மற்றவற்றைத் தங்கள் வாகனம் வரும்போது ஏற்றிவிட வேண்டும் என்று அறிவித்திருந்தீர்கள். தங்கள் நல்ல மனதுக்கு நன்றி. வாகனம் வெள்ளிக்கிழமை வருகிறது என்பதால் இந்த மனுவை அவசரமாகவும் கொஞ்சம் கோபமாகவும் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. தெரிவுக் குழுவில் நான்கு பேர். தலைவர், எங்கள் ஸ்டோரின் டீமேக்கர் தங்கவேலு ஐயா (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம்). அடுத்தவர் தொழிற்சங்கத் தலைவர் சிவசாமி அண்ணன். செயலாளர், கோயில் கமிட்டியைச் சேர்ந்த சோலைமலை. பெண்கள் சார்பில் நான். மற்ற மூவரும் நல்லவர்கள் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். பின்னால் அதற்கு இடம் வராது.

3. டீமேக்கர் ஐயா தேயிலைத் தூளைக் கையில் தேய்த்து, முகர்ந்து பார்த்துத் தரம் சொல்பவர். புத்தகங்களுக்கும் அதே முறையையே கையாண்டார். ஆறையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தாளைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றில் புகை வாடை என்று தள்ளினார். அது ஆப்பிரிக்க மொழிகளைப் பற்றி விரிவாகச் சொல்லும் நூல். இன்னொன்று இன்னும் காயவில்லை என்றார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "உள்ள இருக்கறதெல்லாம் வாசத்துலயே தெரிஞ்சிரும்மா" என்று பதில் வந்தது.

4. சிவசாமி அண்ணன் உள்ளே பார்த்தார். சேதம் அதில்தான் அதிகம். ஒரு நூலில் உலக மொழிகளை மரம் போல வரைந்து, தமிழை ஒரு கிளையில் எழுதியிருந்தார்கள். "தமிழக் கொண்டுபோயி கெளையில வச்சிருக்கான். நாளைக்குக் கவ்வாத்து வெட்டுனா எங்க போறது?" என்று கொதித்தார். தமிழைத் தூருக்கு இறக்கும்வரை யாரும் வாசிகசாலைக்குள் கால் வைக்கக் கூடாது என்று வேலைநிறுத்தமும் அறிவித்தார். அங்கே வழக்கமாகவே யாரும் வருவதில்லை என்பதால் வேலைநிறுத்தம் முழு வெற்றி பெற்றதாகத் தொழிற்சங்கம் சொல்கிறது.

5. இழுபறி தீராததால் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார் சோலைமலை. ஒவ்வொரு நூலின் பெயரையும் துண்டில் எழுதி, பூவோடு இலையில் மடித்து, அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுத்தோம். பச்சை அட்டைப் புத்தகம் வந்தது. அம்மனுக்குச் சரியாக விளங்கவில்லை என்று இன்னொரு தடவை போட்டார்கள். அதுவே வந்தது. அதன்பிறகு, அம்மனின் முடிவைக் குழு மறுபரிசீலனை செய்யும் என்று தலைவர் டீமேக்கர் ஐயா அறிவித்தார்.

6. அந்தப் புத்தகத்தின் மேல் ஏன் இத்தனை வெறுப்பு என்றால், அதில் தமிழ், சிங்களம், சீனம், அரபு என்று வரிசையாக வரும் அத்தியாயங்களுக்கு இடையில் காது கேளாதவர்களின் சைகை மொழிகளுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவை சும்மா கையாட்டுவது இல்லை, இலக்கணமும் சொல்வளமும் உள்ள முழு மொழிகள் என்று அதில் எழுதியிருக்கிறது. என் மகள் பிரியந்தினிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேளாது. வெளியூரில் அதற்கென்று உள்ள பாடசாலையில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் எனக்குச் சைகை சொல்லித் தருவாள். எங்கள் லயத்து வீடுகளில் அவளுக்கு "ஊமப் புள்ள" என்றுதான் பெயர். இந்த லீவில் அந்த அத்தியாயத்தைப் பார்த்ததும் அவள் படத்தில் இருந்த பெண்ணைத் தொட்டாள், தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு தமிழ் அத்தியாயத்தின் தாள்களையும் இதன் தாள்களையும் விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே கனம். ஐயா, எனக்குப் பெற்ற வயிறு குளிர்ந்துபோனது. அன்றுமுதல் காலையில் எழுந்ததும் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்க வாசிகசாலைக்கு ஓடுகிறாள்.

7. "வாயால பேசுனாத்தான் பாஷை" என்பது தலைவரின் கட்சி. கடைசி முடிவு எடுக்க அவர் சென்ற வியாழக்கிழமை கூட்டம் போட்டார். கொழுந்து குவியும் நேரம், ஸ்டோரை விட்டு அவர் நகர முடியாது. அதனால் கூட்டம் ரோலர் அறையில் நடந்தது. கொழுந்தை உருட்டும் அந்த இயந்திரங்கள் ஓடும்போது காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அங்கே நாங்கள் எல்லோரும் எப்போதும் கையால்தான் பேசிக்கொள்வோம்.

8. கூட்டமும் அப்படியே நடந்தது. தலைவர் பச்சைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, தன் உதட்டைத் தட்டி, கையை விரித்தார்: இதில் வாய்க்கு வேலையில்லை. சிவசாமி அண்ணன் உள்ளங்கையைத் திருப்பி, தலைமேல் ஒரு மரத்தை வரைந்தார்: அப்படியானால் இதை எந்தக் கிளையில் வைப்பது? சோலைமலை பெருவிரலைக் கவிழ்த்தார். நான் என் நெஞ்சைத் தொட்டேன், என் பிள்ளையின் உயரத்தைக் காட்டினேன், இரண்டு கையையும் கூப்பினேன். தலைவர் வாசலைக் காட்டினார். இப்படி அரைமணி நேரம் காரசாரமாக விவாதித்து, கை ஒரு மொழி ஆகாது என்று கையாலேயே முடிவெடுத்து, கையைத் தூக்கி நிறைவேற்றினார்கள்.

9. அடுத்த நாள் கூட்ட அறிக்கை வந்தது. "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. திருமதி சீதாலெட்சுமி ஒன்றும் பேசவில்லை" என்று அதில் எழுதியிருந்தது. நான் கூப்பிய கை இன்னும் எனக்கு வலிக்கிறது, ஐயா.

10. எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் கை ஒரு மொழி இல்லை என்றால் அந்தக் கூட்டத்தில் யாருமே ஒன்றும் பேசவில்லை. பேசாத கூட்டத்தில் தீர்மானம் எங்கிருந்து வந்தது? கை ஒரு மொழிதான் என்றால் தீர்மானமே பிழை. இரண்டில் எது சரி என்று தாங்களே முடிவு செய்யுங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

11. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த பிரியந்தினி அன்று முழு நேரமும் வாசலில் நின்றிருந்தாள். கோயில், சங்கம், கல்யாண வீடு என்று எங்கே பெரியவர்கள் கூடிப் பேசினாலும் அவள் வாயசைவைப் பார்த்துக்கொண்டு விளங்காமல் நிற்பவள். பிறந்ததிலிருந்து இந்தத் தோட்டத்தில் அவளுக்கு முழுசாக விளங்கிய ஒரே கூட்டம் இதுதான். யார் யார் என்ன சொன்னார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்று விடாமல் எனக்குச் சொன்னாள். முதலில் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

ஆகவே, அந்தத் தீர்மானத்தை ரத்துச் செய்து, வெள்ளிக்கிழமை வாகனத்தில் பச்சை அட்டைப் புத்தகத்தை ஏற்றாதிருக்க உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். கூட்டத்தை மறுபடி நடத்தத்தான் வேண்டும் என்றால் அதே ரோலர் அறையில் நடத்துங்கள். என் மகளையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை யாரும் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது.

தங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,
சு. சீதாலெட்சுமி
(கையொப்பம்)

இடம்: வட்டகொடை
திகதி: 22.04.2025