காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்

அன்புள்ள அக்காவுக்கு,

பெர்மாஸ் ஜெயாவில் உன் வீடு அப்படியேதான் இருக்கிறது. அத்தான் கேட்டுக்குப் புதிதாகச் சாயம் அடித்திருக்கிறார். நிறம் சகிக்கவில்லை. நீ இருந்திருந்தால் விட்டிருப்பாயா?

உனக்கும் எனக்கும் தங்கை மலருக்கும், மூவருக்குமே இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிந்ததும் எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, கைப்பேசி விளக்கை அடித்துக் கால் விரல் இடுக்குவரை ஆராய்வாய். பலகாரத் தட்டு அதற்குப் பிறகுதான் வெளியே வரும். கால், கண், கிட்னி, இவற்றைக் காத்தால் போதும் என்றிருந்தோம். நுரையீரலை யார் நினைத்தார்கள்?

உனக்கு வறட்டு இருமல் வந்தபோது நீ நடத்திவந்த பள்ளிக் கேண்டீனில் பொரிக்கும் எண்ணெய்ப் புகை என்றோம். கேண்டீனை விட்டாய். அது உனக்கு எவ்வளவு கசந்தது என்று எனக்குத் தெரியும். அடுத்து சாம்பிராணி என்று அத்தான் வெள்ளிக்கிழமைப் புகையை நிறுத்தினார். அதற்கும் அடுத்து பக்கத்து வீட்டுப் பூனை. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலின் அடிப்பகுதி தழும்பேறி இறுகிப் போயிருந்தது. கால்களில் ஒரு கீறல்கூட இல்லாமல் நீ போய்ச் சேர்ந்தாய்.

இந்த வருடம் மலருக்கு அதே மாதிரி வறட்டு இருமல். கெலாங் பாத்தாவில் அவள் வீட்டுக்குப் போய், டாக்டரிடம் காட்டலாம் என்றேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"தெரிஞ்சி என்னண்ணே ஆவப்போவுது? தெரிஞ்சப்புறம் அக்கா எத்தன நாள் இருந்தாங்க?"

அவள் மகள் இன்னும் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டினேன். நானும் கூடவே காட்டிக்கொண்டால் வருவதாக ஒப்புக்கொண்டாள். எனக்கு இருமலே இல்லை. சரி, துணைக்குத்தானே என்று போனேன்.

ஜொகூர் பாருவில் ஒரு தமிழ் டாக்டர், வயதில் சின்னவர். உன் நுரையீரலை இனிப்பு நீர்தான் கெடுத்ததா என்று கேட்டேன்.

"அப்படின்னு அடிச்சி சொல்ல முடியாது, அங்கிள். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கறத அடிக்கடி பாக்கறோம். எது எத இழுத்துட்டு வருதுன்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க."

சில குடும்பங்களில் இந்தத் தழும்பு நோய் வழிவழியாகவும் வரும் என்றார். நேர்மையான பதில்தான். ஆறுதலாக இல்லை.

மலரின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு என் முதுகில். நன்றாக மூச்சை இழுக்கச் சொன்னார். மறுபடியும் இழுக்கச் சொன்னார். இருவருக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

மலருக்கு ஒன்றுமில்லை, அக்கா. இரத்த அழுத்தத்துக்கு அவள் சாப்பிட்ட மாத்திரைதான் இருமலுக்குக் காரணமாம். மாத்திரையை மாற்றிய சில வாரங்களில் நின்றுவிட்டது.

தழும்பு எனக்கு இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவதை வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னளவுக்கு முற்றவில்லை, தொடக்கம்தான். தழும்பை அழிக்க மருந்து இல்லை. பரவும் வேகத்தைக் குறைக்க உண்டு, அதைச் சாப்பிடத் தொடங்கிவிட்டேன். வீட்டில் என் மனைவிக்கு விஷயம் தெரியும், என் பயம் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

என் ஸ்கேன் பற்றி மலர் போனில் கேட்டபோது "எல்லாம் ஓகே லா" என்று சொல்லி வைத்துவிட்டேன். தன் இருமல் போன சந்தோஷத்தில் அவளும் தோண்டிக் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் பத்திரிகையில் அச்சாகி அவள் கண்ணில் படுவதற்கு முன்பே கெலாங் பாத்தாவுக்குப் போய் நேரில் சொல்லிவிடுவேன். என்னையும் காட்டிக்கொள்ள வைத்தது அவள்தான், அதனால்தான் நேரத்தோடு தெரிந்தது என்பதையும் சொல்வேன். அழுவாள். அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். மருந்தைத் தவறவிட மாட்டேன், சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பேன். கோபித்துக்கொள்ளாதே அக்கா, உன்னைப் பார்க்க இப்போதைக்கு வருவதாக இல்லை.

மலருக்கு இன்னும் கொஞ்ச காலம் அண்ணனாக இருக்க வேண்டிய,
உன் தம்பி